வரைந்த கோட்டைத் துடைக்காதீர்கள்: அருங்காட்சியகத்தில் அனிமேஷன் படம் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அருங்காட்சியகங்களின் திரைப்படப் பிரிவில் இருப்பவர்களுக்கு வணக்கம்.

நன்றியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதற்குப் பிறகு வருவதில் பெரும்பகுதி குறைதான். கையால் வரைந்த அனிமேஷன் படம் ஒன்றைத் தேடிப் பிடித்து, உரிமை வாங்கி, அரங்கம் ஒதுக்கி, சிறப்புத் திரையிடல் என்று அறிவிக்கிறீர்கள். அந்தப் படத்தை வீட்டில் எத்தனையோ முறை பார்த்தவர்கள்கூட அடித்துப் பிடித்து டிக்கெட் எடுத்து வருகிறார்கள், நானும் வருகிறேன். பிள்ளைகளுக்கான பொழுதுபோக்கு என்று ஓரங்கட்டாமல் இதைக் கலைப்பொருளாக மதிக்கிற இடம் என்று உங்களை நம்பித்தான் வருகிறோம். வந்து உட்கார்ந்து பார்த்தால், பக்கத்து அறையில் தொங்கும் ஒரு சின்னப் பென்சில் ஓவியத்துக்குக் கிடைக்கிற கவனத்தில் பாதிகூட அந்தப் படத்துக்குக் கிடைத்திருக்காது.

கோரிக்கை ஒன்றுதான். உங்களிடம் இருக்கும் மற்ற பொருள்களை எப்படி நடத்துகிறீர்களோ அப்படியே இதையும் நடத்துங்கள். ஒரு பழைய ஓவியத்தில் தெரியும் தூரிகைத் தடத்தை யாராவது தேய்த்து வழவழப்பாக்கினால் உங்கள் பாதுகாப்புப் பிரிவு சும்மா இருக்குமா? சட்டத்துக்குள் பொருந்தவில்லை என்று ஓரத்தை நறுக்கினால்? யார் வரைந்தது, எப்போது, எதன் மேல் என்று எதுவும் எழுதாமல் மாட்டினால்? அனிமேஷன் படத்துக்கு மட்டும் இந்த மூன்றும் சர்வசாதாரணமாக நடக்கின்றன, அதுவும் உங்கள் கூரைக்குக் கீழேயே.

ஒரு திரையிடலுக்குப் போயிருந்தேன். எந்த இடம் என்று சொல்லப்போவதில்லை, எங்கே வேண்டுமானாலும் நடக்கக்கூடியதுதான். அரங்கம் நிரம்பிவிட்டதால் மீதிப் பேரைக் கண்காட்சிக் கூடத்திலேயே ஒரு பெரிய டிஜிட்டல் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். படம் ஓட ஆரம்பித்ததுமே ஏதோ உறுத்தியது. ஓடி வந்த பெண் நிற்கிறாள், ஆனால் நின்ற பிறகும் எண்ணெய் சிந்திய தரையில் கால் வைத்தவள் மாதிரி கொஞ்சம் வழுக்கிப் போகிறாள். தலையை வெடுக்கென்று திருப்பும்போது முகத்தைச் சுற்றி ஒரு கலங்கல். எழுந்து போய் அங்கே நின்றிருந்த ஊழியரிடம், திரையில் மோஷன் ஸ்மூத்திங் ஓடிக்கொண்டிருக்கிறது, அமைப்பில் போய் அணைத்துவிடலாம் என்றேன். "பழைய படங்க, அப்படித்தான் இருக்கும்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் பழி படத்தின் மேல் போய் விழுந்தது பாருங்கள், அதுதான் தாங்கவில்லை.

அந்த வசதி என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். திரைப்படம் நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 அசையாப் படங்கள். கையால் வரைகிறவர்கள் பெரும்பாலும் ஒரு ஓவியத்தை இரண்டு பிரேமுக்கு வைப்பார்கள், அதாவது நொடிக்கு 12 ஓவியம். வேகமான அசைவு வந்தால் பிரேமுக்கு ஒன்றாக வரைவார்கள். ஜப்பானியப் படங்களில் மூன்று பிரேமுக்கு ஒன்று என்பதும் சகஜம். பாத்திரம் திகைத்து நிற்கிற இடத்தில் ஒரே ஓவியம் ஆடாமல் அசையாமல் அப்படியே நிற்கும். காசு மிச்சம் பிடிப்பதற்காகவும் இப்படிச் செய்வதுண்டு, மறுக்கவில்லை. ஆனால் நல்ல அனிமேட்டர் கையில் இதுதான் தாளக்கட்டு.

ஒரு பாத்திரம் இடமிருந்து வலமாகத் தலையைத் திருப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். முதன்மை அனிமேட்டர் தொடக்க நிலையையும் முடிவு நிலையையும் வரைவார், தேவைப்பட்டால் நடுவே இமை மூடித் தலை சற்றுத் தாழ்கிற ஒரு நிலையையும் வரைவார். பிறகு தாளின் ஓரத்தில் ஏணி போல ஒரு சின்னக் குறிப்பு போடுவார். செங்குத்தாக ஒரு கோடு, அதன் மேல் குறுக்குக் கோடுகள். இடையில் வர வேண்டிய ஓவியங்கள் எங்கே நெருங்கி உட்கார வேண்டும், எங்கே விலகி உட்கார வேண்டும் என்பதற்கான கணக்கு அது. நெருங்கினால் அசைவு மெதுவாகும், விலகினால் வேகம் பிடிக்கும். தொடக்கத்தில் நெருக்கம், நடுவில் பாய்ச்சல், முடிவில் மறுபடி நெருக்கம் என்றால் அது தயங்கித் திரும்புகிற தலை. தொடக்கத்திலேயே விலகல் என்றால் பதறித் திரும்புகிற தலை. இரண்டுக்கும் தொடக்க ஓவியமும் முடிவு ஓவியமும் ஒன்றாகவே இருக்கலாம். அந்தச் சின்ன ஏணியில்தான் நடிப்பே இருக்கிறது.

மோஷன் ஸ்மூத்திங் ஓடுகிற திரை, இரண்டு ஓவியங்களுக்கு நடுவே யாருமே வரையாத ஒரு படத்தைத் தானாகக் கணக்குப் போட்டுச் செருகுகிறது. ஒருவர் யோசித்து யோசித்துப் போட்ட ஏற்ற இறக்கத்தை ஒரே மட்டமாக நிரவிவிடுகிறது. கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் இருந்த நார்மன் மெக்லாரன், காமிராவே இல்லாமல் படச்சுருளின் மேல் நேரடியாக வரைந்து படம் பண்ணியவர், ஒவ்வொரு பிரேமிலும் இருப்பதைவிட இரண்டு பிரேம்களுக்கு இடையே நடப்பதுதான் முக்கியம் என்றார். அந்த இடையைத்தான் உங்கள் திரை சாந்து பூசி அடைக்கிறது. இணையத்தில் பழைய கார்ட்டூன்களை எடுத்து நொடிக்கு 60 பிரேம் ஆக்கிவிட்டேன் என்று பெருமையாகப் போடுகிறவர்களை விட்டுவிடலாம், அது அவர்கள் பொழுதுபோக்கு. அருங்காட்சியகத்தில் அது நடக்கக்கூடாது.

அடுத்தது துடைப்பது. புதுப்பித்த பிரதி என்று போட்டாலே நாங்கள் மகிழ்ந்துவிடுவோம் என்று நினைக்கிறீர்கள். கீறலை எடுப்பது, மங்கிய நிறத்தை மீட்பது, ஆடுகிற பிம்பத்தை நிலைநிறுத்துவது, எல்லாம் சரி. ஆனால் பிம்பத்தில் தெரியும் புள்ளிகளை அழிக்கிற மென்பொருளை அளவுக்கு மீறி ஓட்டினால் படச்சுருளின் துகளோடு கோடும் சேர்ந்து கரைந்துபோகிறது. குறிப்பாக 1960களிலிருந்து வந்த படங்களில். அதற்கு முன்பு அனிமேட்டரின் பென்சில் ஓவியத்தை வேறொருவர் செல் என்ற கண்ணாடி போன்ற தாளின் மேல் மையால் படி எடுப்பார், அந்தக் கோடு சுத்தமாக இருக்கும். 1961இல் வந்த டிஸ்னியின் 'நூற்றியோரு டால்மேஷியன்கள்' படத்தில் ஜெராக்ஸ் முறையில் பென்சில் கோட்டையே நேராகச் செல்லுக்கு மாற்றினார்கள். அதன் பிறகு திரையில் நாம் பார்ப்பது அனிமேட்டரின் கை போட்ட கோட்டையேதான், முனை பிசிறி, சில இடங்களில் இரட்டித்து, அடியில் போட்ட வட்டத்தின் மிச்சம்கூடத் தெரியும். மென்பொருளுக்கு அந்தப் பிசிறும் ஒன்றுதான், அழுக்கும் ஒன்றுதான். துடைத்து எடுத்துவிட்டு, மெழுகு பொம்மை மாதிரி ஒரு முகத்தைக் கொடுக்கிறது.

இதற்கு ஒரு எதிர்வாதம் உண்டு. ஓவியர் வரைந்த தாளில் படச்சுருளின் துகள் கிடையாதே, அப்படியானால் அதை நீக்குவது அவருடைய ஓவியத்துக்கு விசுவாசமாக இருப்பதுதானே என்பார்கள். பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த ஓவியர் தாளுக்காக வரையவில்லை, படச்சுருளுக்காக வரைந்தார். வண்ணத்தையும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தார்கள், இந்தச் சாயம் படச்சுருளில் எப்படி விழும் என்று பார்த்துத்தான். அதனால் எஞ்சியிருக்கும் ஒரு செல்லை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இதுதான் அசல் நிறம் என்று படத்தை அதற்கு ஏற்றாற்போல மாற்றுவதும் தவறாகவே முடியும்.

இந்த நிற விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு, சொல்லாமல் இருக்க முடியவில்லை. செல் பார்க்க நிறமற்றதாக இருந்தாலும் முழுக்க நிறமற்றது இல்லை. ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று நான்கு அடுக்கினால் அடியில் இருக்கும் நிறம் லேசாக மங்கும். ஒரு பாத்திரம் முதல் காட்சியில் மேலடுக்கில் இருந்து அடுத்த காட்சியில் அடியடுக்குக்குப் போனால் அவர் சட்டை நிறம் மாறிவிடும். அதனால் அடியடுக்குக்கு என்று அதே நிறத்தைச் சற்று வெளிறலாகத் தனியே கலப்பார்கள். மேலே யாரும் இல்லாத நேரத்திலும் அடுக்கின் எண்ணிக்கை மாறக்கூடாது என்பதற்காக வெறும் செல்லை வைத்துப் படம் எடுப்பார்கள். பார்க்கிறவருக்கு எதுவும் தெரியாது, தெரியக்கூடாது என்பதற்காகவே அவ்வளவு பாடு. இப்படிக் கலந்த நிறத்தைப் புதுப்பிக்கும்போது பளிச்சென்று ஏற்றிவிட்டால் என்ன அர்த்தம்?

ஓரம் நறுக்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1950களின் தொடக்கம் வரை வந்த படங்கள் அநேகமாக அகலம் 1.37க்கு உயரம் 1 என்ற கிட்டத்தட்டச் சதுரமான அளவு. உங்கள் திரை அகலம் என்பதற்காக மேலும் கீழும் வெட்டாதீர்கள், பக்கவாட்டில் இழுக்கவும் வேண்டாம். இரண்டு பக்கமும் கருப்பாக இருந்தால் எங்களுக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் 1960, 70களில் முழு அளவுக்கு வரைந்துவிட்டு, திரையரங்கில் மேலும் கீழும் மறைத்துக் காட்டுவார்கள் என்ற கணக்கில் சட்டகம் அமைத்த படங்களும் இருக்கின்றன. அவற்றில் வரைந்ததையெல்லாம் காட்டுவதும் பிழை, ஏனென்றால் தலைக்கு மேல் தேவையில்லாத வெற்றிடம் வந்து நிற்கும். ஆக ஒவ்வொரு படத்துக்கும் தேடிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தேடுவது உங்கள் வேலைதானே.

படச்சுருளில்தான் போட வேண்டும் என்று நான் அடம்பிடிக்கவில்லை. 90 நிமிடப் படம் என்றால் 35 மி.மீ. சுருள் ஏறத்தாழ 8,100 அடி, இரண்டரை கிலோமீட்டர் நீளம். அதைக் கொண்டுவருவதும், ஓட்டத் தெரிந்தவரைப் பிடிப்பதும், ஓடி ஓடித் தேய்கிற பிரதியைப் பத்திரமாகத் திருப்பி அனுப்புவதும் எவ்வளவு பாடு என்று தெரியும். கிடைத்தால் போடுங்கள், அந்த வெளிச்சம் வேறு. புரொஜெக்டரின் மூடி ஒவ்வொரு பிரேமையும் இரண்டு தடவை காட்டி, நடுவில் இருட்டாக்கி, நொடிக்கு 48 முறை மினுக்குகிற அந்த மினுக்கலில் கோடு மூச்சு விடுவது போலத் தெரியும். கிடைக்காவிட்டால் நல்ல டிஜிட்டல் பிரதி போதும். எது என்று மட்டும் சொல்லிவிடுங்கள். சுவரில் தொங்கும் ஓவியத்துக்குக் கீழே எண்ணெய் வண்ணம், இந்த ஆண்டு, இந்த அளவு என்று அட்டை வைக்கிறீர்கள். படத்துக்கு மட்டும் ஏன் அட்டை இல்லை?

சரி, வெளியே வைக்கிற கண்காட்சிக்கு வருவோம். இங்கேதான் எனக்கு உங்கள் மேல் பெரிய வருத்தம். படத்திலிருந்து நாலைந்து அழகான செல்களை எடுத்து, தங்க நிறச் சட்டம் போட்டு, ஒவ்வொன்றையும் தனி ஓவியமாக மாட்டுகிறீர்கள். செல் என்பது தனியாகப் பார்க்க வரைந்த பொருளே இல்லை. அது திரையில் நொடியில் ஒரு சின்னப் பங்கு இருந்துவிட்டுப் போக வேண்டியது. ஆரம்பகாலத்தில் பல ஸ்டுடியோக்களில் படம் எடுத்து முடித்ததும் வண்ணத்தைக் கழுவிவிட்டு அதே செல்லைத் திரும்பப் பயன்படுத்தினார்கள் என்பதிலிருந்தே அதற்கு இருந்த மதிப்பு தெரியும். 'ஸ்னோ ஒயிட்' (1937) வந்த பிறகு அடுத்த ஆண்டிலிருந்து டிஸ்னியின் செல்களை ஒரு கலைக்கூடம் வழியாக விற்கத் தொடங்கினார்கள். அப்போது உருவத்தை மட்டும் வெட்டி எடுத்து, விற்பனைக்கென்றே செய்த வேறு பின்னணியில் ஒட்டிய செல்கள் நிறைய உண்டு. அப்படிப்பட்ட ஒன்றை மாட்டிவிட்டு படத்தில் வரும் காட்சி என்று எழுதினால் அது பொய்.

அதைவிட, அடுத்தடுத்த ஓவியங்களை வரிசையாக வையுங்கள். அழகானதாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. 1942இல் சக் ஜோன்ஸ் இயக்கிய 'தி டோவர் பாய்ஸ்' என்ற குறும்படத்தில், ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குப் பாத்திரம் தாவும்போது நடுவில் உடம்பையே இழுத்துத் தீற்றிய மாதிரி ஒரு ஓவியம் வரும். தனியாகப் பார்த்தால் பூதம். கண் ஒரு பக்கம், கை ஒரு பக்கம், உடல் நீளமாக ஒரு வண்ணப்பட்டை. ஓடும்போது பார்த்தால் பூதமும் இல்லை, பட்டையும் இல்லை, வேகம் மட்டும் இருக்கும். இப்படி ஒரு தீற்றலை, அதற்கு முந்தின ஓவியத்தோடும் பிந்தின ஓவியத்தோடும் சேர்த்து வைத்தால், பத்து நிமிடப் பேச்சு சொல்லாததை அது சொல்லிவிடும். முடிந்தால் செல்லைத் திருப்பியும் காட்டுங்கள். வண்ணம் பின்பக்கம்தான் பூசப்பட்டிருக்கிறது, கோட்டை மூடிவிடாமல் இருப்பதற்காக. முன்பக்கம் மழமழவென்று இருக்கிற முகம், பின்பக்கம் திட்டுத்திட்டாகச் சாயம் அப்பிக் கிடக்கும். அங்கே தெரிகிற கையை முன்பக்கம் பார்க்க முடியாது.

வெளிச்சத்தைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காகிதத்துக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் என்பதெல்லாம் உங்கள் வழக்கம்தான். செல்லின் பிரச்சினை வெளிச்சத்தோடு முடிவதில்லை. பழையவை செல்லுலோஸ் நைட்ரேட், பிறகு வந்தவை அசிட்டேட், இரண்டும் தாமாகவே கெட்டுப்போகிற பொருள். சுருங்கும், மஞ்சள் பூக்கும், வண்ணம் உரிந்து வரும். அமெரிக்காவின் கெட்டி (Getty) பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் டிஸ்னியின் காப்பகத்தோடு சேர்ந்து இதையே ஆராய்ந்திருக்கிறது. அதனால் அசலை இரண்டு மாதம் மாட்டி வாட்டுவதற்குப் பதில் நல்ல நகலை வைத்து, நகல் என்று எழுதிவிட்டால் போதும். அசல் என்ற மோகம் எங்களுக்கு இருக்கிறது என்பதற்காக நீங்கள் அதற்கு இணங்கிப்போக வேண்டாம். நகல்களில் ஐந்தாறைத் தாள் நகராமல் பிடிக்கிற ஆணிப் பட்டையில் மாட்டி, அடியில் விளக்கு போட்டு, வருகிறவர்கள் விரலுக்கிடையில் வைத்துப் புரட்டிப் பார்க்க ஒரு மேசை வையுங்கள். வரிசை நிற்கும், பாருங்கள்.

சில படங்களுக்கு மாட்ட எதுவுமே இருக்காது. ரஷ்யாவின் அலெக்சாந்தர் பெத்ரோவ் கண்ணாடியின் மேல் எண்ணெய் வண்ணத்தை விரலாலேயே தேய்த்து வரைந்து, ஒரு பிரேம் எடுத்ததும் அதையே மாற்றி அடுத்த பிரேமாக ஆக்குகிறவர். ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்' கதையை அவர் 1999இல் படமாக்கியபோது அப்படி வரைந்த ஓவியங்கள் ஏறத்தாழ 29,000. எடுத்து முடித்தபோது அவற்றில் பெரும்பாலானவை அடுத்ததின் அடியில் போய்விட்டன. படம்தான் எஞ்சிய ஒரே அசல். எனக்குக் கேட்டால் எல்லா அனிமேஷனுக்கும் இதுதான் உண்மை, மற்றவற்றில் கட்டடத்துக்குக் கட்டிய சாரக்கட்டு மாதிரி கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, அவ்வளவுதான்.

அறிவிப்பைப் பற்றி இரண்டு விஷயம். ஒன்று, எண்ணிக்கைப் பெருமை. இத்தனை லட்சம் ஓவியங்கள் என்று கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். 90 நிமிடப் படத்தில் மொத்தம் 1,29,600 பிரேம், இரண்டுக்கு ஒன்றாக வரைந்தால் ஒரு அடுக்குக்கு 64,800, அடுக்குகள் கூடக் கூட எண்ணிக்கையும் கூடும். கணக்குப் போட்டால் எல்லாப் படத்துக்கும் மலைக்கவைக்கிற ஒரு எண் வரத்தான் செய்யும். பிரான்சின் எமீல் கோல் 1908இல் செய்த 'ஃபான்டாஸ்மகோரி'யில் சுமார் 700 ஓவியங்கள்தான், ஒன்றரை நிமிடம்கூட முழுசாக ஓடாது. வெள்ளைத் தாளில் கருப்பு மையால் வரைந்து, நெகட்டிவாகவே அச்சிட்டுக் கரும்பலகையில் சாக்கட்டியால் வரைந்தது போலக் காட்டினார். அதில் குச்சி மனிதன் ஒருவன் பூவாகி, யானையாகி, வீடாகி உருண்டு போகிற சுதந்திரம், லட்சம் ஓவியம் போட்ட பல படங்களில் கிடையாது. வரையாமல் விட்ட இடத்தையும் மதிக்கத் தெரிந்தவர்கள் எண்ணிக்கையை வைத்து விளம்பரம் செய்ய மாட்டார்கள்.

இரண்டாவது, கணினியே தொடாத படம் என்ற வாசகம். இது இப்போது அதிகமாகிவிட்டது, ஒரு வரி எழுதினால் கணினி படம் போட்டுத் தரும் காலத்தில் அப்படிச் சொன்னால் கூட்டம் வரும் என்று தெரிகிறது. ஆனால் அது பல படங்களுக்குப் பொருந்தாது. கையால் வரைந்த படங்களிலேயே 1990இல் டிஸ்னி வண்ணம் பூசுகிற வேலையைக் கணினிக்கு மாற்றிவிட்டது. ஜப்பானின் ஜிப்ளி ஸ்டுடியோ 1999இல் 'மை நெய்பர்ஸ் தி யமதாஸ்' படத்தை முழுக்க டிஜிட்டலில் வண்ணம் பூசியது. தாளில் பென்சிலால் வரைந்து, ஸ்கேன் செய்து, கணினியில் நிறம் கொடுப்பதும் கையால் வரைந்த படம்தான், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எது கையில் நடந்தது, எது இயந்திரத்தில் நடந்தது என்று உள்ளபடி எழுதுங்கள். புனிதமாக்கி விற்காதீர்கள்.

பெயர்கள். இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அறிவிப்பில் இயக்குநர் பெயர் மட்டும் இருக்கிறது, அவரே எல்லாவற்றையும் வரைந்ததுபோல. படம் முடிந்து பெயர்ப்பட்டியல் ஓட ஆரம்பித்ததும் விளக்கைப் போடுகிறீர்கள், மேடையில் நாற்காலி போடுகிற சத்தம் வேறு. இடை ஓவியர்கள், கோட்டைப் படி எடுத்தவர்கள், வண்ணம் பூசியவர்கள், பின்னணி வரைந்தவர்கள் எல்லோரும் அந்தச் சில நிமிடங்களில்தான் இருக்கிறார்கள். அமெரிக்க ஸ்டுடியோக்களின் பொற்காலத்தில் படி எடுப்பதும் வண்ணம் பூசுவதும் பெரும்பாலும் பெண்கள் செய்த வேலை. செல்லில் வியர்வை படாமல் இருக்கக் கையுறையும், பேனா பிடிக்கிற விரல்களுக்கு மட்டும் அதில் ஓட்டையுமாக உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். பல படங்களில் அவர்கள் பெயரே வராது. 1941இல் டிஸ்னி ஸ்டுடியோவில் நடந்த வேலைநிறுத்தத்துக்குப் பின்னால் இருந்த மனக்குறைகளில் திரையில் பெயர் வராததும் ஒன்று. அமெரிக்க ஓவியர் வின்சர் மெக்கேயின் 'கெர்ட்டி' என்ற டைனோசரை (1914) எல்லோரும் கொண்டாடுகிறார்கள். அப்போது செல் இன்னும் புழக்கத்துக்கு வரவில்லை, அதனால் பின்னாலிருக்கும் மலையையும் பாறையையும் மரத்தையும் ஒவ்வொரு தாளிலும் திரும்பத் திரும்ப வரைய வேண்டும். அதைச் செய்தவர் ஜான் ஃபிட்ஸ்சிமன்ஸ் என்ற இளைஞர். கெர்ட்டி ஆடும்போது பாறைகளும் லேசாக நடுங்குகின்றன அல்லவா, அந்த நடுக்கம் அவருடைய கை. அவர் பெயர் எந்த அறிவிப்பிலாவது இருக்கிறதா?

ஆகவே விளக்கைக் கடைசி எழுத்து போகும் வரை போடாதீர்கள். பழைய படத்தில் பெயர் இல்லையென்றால், தேடினால் கிடைக்கிற பெயர்களைக் கைப்பிரதியில் அச்சடித்துக் கொடுங்கள்.

குரல் மொழியைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்கப் படங்களில் வழக்கமாகக் குரலை முதலில் பதிவுசெய்து, அதைக் கேட்டுத்தான் வாயை வரைகிறார்கள், ஆகவே அசல் குரலை எடுத்துவிட்டால் வரைந்ததில் பாதி வீணாகும். ஜப்பானில் பெரும்பாலும் வரைந்த பிறகுதான் குரல். அங்கே மொழிமாற்றம் அவ்வளவு பெரிய குற்றம் இல்லை, ஆனாலும் அசல் மொழியில் ஒரு காட்சியாவது வையுங்கள். மொழிபெயர்த்த வசனத்தை எழுத்தில் போடும்போது ஓவியத்தின் முகத்தில் போடாமல் இருந்தால் சரி.

குழந்தைகள் சத்தம் போடுவார்கள் என்று பயப்படாதீர்கள். மெக்கே அந்தக் காலத்தில் மேடையில் சாட்டையோடு நின்று கெர்ட்டிக்குக் கட்டளை போட்டார், அது கேட்டுத் தலையாட்டும், கோபித்துக்கொள்ளும், அழும். கடைசியில் அவர் திரைக்குப் பின்னால் மறைந்து, வரைந்த உருவமாக அதன் முதுகில் ஏறிப் போவார். சத்தத்தோடு பிறந்த கலை இது. வேண்டுமானால் பெரியவர்களுக்கு என்று ராத்திரியில் ஒரு காட்சி தனியாக வையுங்கள்.

தேர்வும் கொஞ்சம் அகலமாக இருக்கலாம். எப்போது பார்த்தாலும் இரண்டு நாடுகளின் அதே ஏழெட்டுப் படங்கள். ஷாங்காய் ஸ்டுடியோவில் 1960 வாக்கில், மையை நீரில் கரைத்துத் தீட்டுகிற சீன ஓவியத்தையே அசைய வைத்தார்கள், கோடே இல்லாத மீன்குஞ்சும் தவளைக்குஞ்சும் நீந்துவதைப் பெரிய திரையில் பார்க்க யாருக்குத்தான் கசக்கும்? குரோஷியாவின் ஸாக்ரெப் நகர ஓவியர்கள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரான துஷான் வுகோடிச் செய்த படம்தான் அமெரிக்காவுக்கு வெளியே அனிமேஷனுக்கான ஆஸ்கர் வாங்கிய முதல் படம். கனடாவின் ஃப்ரெடெரிக் பாக் கலர் பென்சிலால் வரைந்த படங்கள் இருக்கின்றன. குறும்படம்தானே என்று ஒதுக்காமல் இரண்டு மூன்றைச் சேர்த்து ஒரு மாலையை நிரப்பலாம்.

முடிந்தவரை செய்கிற இடமும் இருக்கிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஜப்பானின் மிதாகாவில் 2001இல் திறந்த ஜிப்ளி அருங்காட்சியகத்தின் சின்ன அரங்கில், வேறெங்கும் காட்டாத குறும்படங்களைப் போடுகிறார்கள். நுழைவுச் சீட்டாகக் கொடுப்பது 35 மி.மீ. படச்சுருளின் ஒரு துண்டு. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மூன்று பிரேம் தெரியும். பெரிய செலவு இல்லை, நீளமான பேச்சு இல்லை, உள்ளே போவதற்கு முன்பே பிரேம் என்றால் என்ன என்று கைக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

அடுத்த திரையிடலுக்கு நான் கேட்பது அந்த அட்டைதான். எந்தப் பிரதி, சுருளா டிஜிட்டலா, எந்த ஆண்டு புதுப்பித்தது, எந்த அளவு, எந்த மொழி, யார் யார் வரைந்தது. ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். அப்புறம், முந்தின நாள் ஒரு தடவை அதே அரங்கில், அதே கருவியில், பத்து நிமிடமாவது ஓட்டிப் பாருங்கள். அப்போது பக்கத்தில் வரையத் தெரிந்த ஒருவரை உட்கார வைத்துக்கொள்ளுங்கள், எங்கே கோடு கரைகிறது, எங்கே அசைவு வழுக்குகிறது என்று அவர் கண்ணுக்கு உடனே தெரியும். ஆள் கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள். இந்தப் படங்களுக்காகக் காசு வாங்காமல் வந்து உட்காருகிறவர்கள் எங்களில் நிறையப் பேர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
எப்போதும் முன்வரிசையில் இடம் பிடிக்கிற ஒரு பார்வையாளர்